மருந்து ஜன்னலில் நிற்பவருக்கு எதற்குப் படிப்பு?



சமவெளியிலுள்ள ஒரு சபையில் நம் மருத்துவமனை ஊழியத்தைப் பற்றிப் பேசும்படி சென்றிருந்தேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, பல ஆண்டுகளாகத் தவறாமல் காணிக்கை அனுப்பிவரும் ஒரு மூப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, கட்டில் வாங்கக் கேட்டீர்கள், கொடுத்தோம். எக்ஸ்ரே மெஷினுக்குக் கேட்டீர்கள், கொடுத்தோம். இப்போது மருந்தாளுநர் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பப் பணம் கேட்கிறீர்களே! டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுக்க இரண்டு வருஷப் படிப்பு எதற்கு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்லும்படி இந்த இதழில் சில பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இதை எழுதவேண்டாம் என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். எழுதுவதே நேர்மை என்று எனக்குப் பட்டது.

மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டுக் காட்டில் வேலை செய்யும் ஒரு வயதான அம்மாள் மூட்டு வீக்கத்துக்காக நம்மிடம் வந்தார். டாக்டர் மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதினார். மூட்டுவாதத்துக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் நல்ல மருந்து அது. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடவேண்டும். மற்ற நாட்களுக்கு ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை. இரண்டுமே மஞ்சள் நிறம், இரண்டுமே சிறியவை. நம் மருந்தாளுநர் சரியான மருந்தையே எடுத்தார், சரியாக எண்ணினார், உறையின்மேல் நாளையும் அளவையும் ஆங்கிலத்தில் சரியாக எழுதினார். வரிசையில் நின்றிருந்த மருமகனிடம், “இது வாரத்துக்கு ஒரு நாள்” என்று வாயாலும் சொன்னார். அந்த அம்மாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மருமகன் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் முழுவதும் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடவேண்டிய மூன்று மாத்திரைகளை எட்டு நாளும் தினந்தோறும் சாப்பிட்டிருந்தார். ஜெபிக்கும்படி என்னை அழைத்தார்கள். நான் ஜெபித்து முடித்தபோது அவரால் ஆமென் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. கையை மட்டும் அசைத்தார்.

இதற்கு மாற்றுமருந்தாகிய லூக்கோவோரின் கொடுத்து, கீழே பெரிய மருத்துவமனைக்கும் அனுப்பி, பல நாட்கள் போராடிய பின் தேவகிருபையால் பிழைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன். “தினமும் போட்டாத்தானே ஐயா மருந்து கேக்கும்? வாரத்துக்கு ஒரு தடவை போட்டா எப்படிக் கேக்கும்?” என்றார். அவர் சொன்னது அவருடைய அனுபவத்தின்படி முழுக்க நியாயமே. அதுவரை அவர் சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாம் தினமும் சாப்பிட்டவைதான்.

இது நம் மலையில் மட்டும் நேர்ந்ததல்ல. இதே மருந்தை இதே விதமாகத் தினந்தோறும் சாப்பிட்டு வெளிநாடுகளிலும் பலர் இறந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2004ஆம் ஆண்டில் இதைக் குறித்துத் தேசிய அளவில் எச்சரிக்கை வெளியிடவேண்டியிருந்தது. மருந்தினால் வரும் இப்படிப்பட்ட தீங்குகளைக் குறைப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2017இல் தன் பெரிய நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தது.

மூப்பரின் கேள்விக்கு இந்தச் சம்பவத்திலிருந்துதான் பதில் தொடங்குகிறது. அன்று யாரும் தவறான மருந்தைக் கொடுக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. குறைந்துபோனது கற்பித்தல். மருந்தைக் கொடுப்பவர் எதைக் கற்றார், அதை யாருக்கு, எந்த மொழியில், எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதில்தான் அந்த அம்மாளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

செமினரியில் கிரேக்கம் படித்தபோது ஒரு சொல் என்னை ஆச்சரியப்படுத்தியது. கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளை அப்போஸ்தலன் வரிசைப்படுத்தும்போது, நம் தமிழ் வேதாகமத்தில் பில்லிசூனியம் என்று வரும் இடத்தில் மூலத்தில் உள்ள சொல் ஃபார்மகேயா. இன்றைய ஃபார்மசி என்ற சொல் பிறந்ததும் அந்த வேரிலிருந்துதான். ஃபார்மகோன் என்றால் கிரேக்கத்தில் மருந்து என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். அப்போது அதை ஒரு சொல்விநோதமாக மட்டும் குறித்துவைத்தேன். நம் மலையடிவாரத்துக்கு வந்தபின்தான் அது புரிந்தது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்துத் தோட்டங்களில் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலராகிய செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்கள். கவுட் என்னும் கொடிய கால்வலிக்கு அது நல்ல மருந்து. அதே செடியின் கிழங்கைத் தின்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களின் படுக்கையருகிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே செடி, ஒரே பொருள். அளவுதான் வேறு. அளவைக் காக்கிறவரே மருந்தாளுநர்.

மோசேக்கும் அளவோடுதான் கட்டளை கொடுக்கப்பட்டது. யாத்திராகமம் முப்பதாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு குடம். தைலக்காரனுடைய தொழில்முறைப்படி கலக்கவேண்டும் என்றும் அங்கே சொல்லியிருக்கிறது. அபிஷேகத் தைலத்துக்கே நிறையும் முறையும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

தமிழருக்குள் இந்தப் படிப்பை முதலில் ஊன்றிச் சிந்தித்தவர் யார் என்று கேட்டால், நான் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பேன். நம் சபைகளில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரத்தவர். 1847இல் அமெரிக்க மிஷனெரியாக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ ஊழியம் செய்தவர். தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னார். தாய்நாடு சென்று 1862இல் திரும்பி வந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகங்களைத் தேடிப் போகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை. ஆகவே 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

துணிந்தார் என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாடம் சொல்லத் தமிழில் புத்தகமே இல்லை. எலும்புக்கும் நரம்புக்கும் பெயர்கள் தேடலாம், அவற்றில் பல நம் வைத்தியரிடம் இருந்தன. அமிலங்களுக்கும் உப்புகளுக்கும் என்ன பெயர் சொல்வது? கிரீன் தம் தமிழ் மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தீர்மானித்தார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி எழுதுவது என்பது அவர்கள் வழி. அப்படித்தான் வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது. அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் நம் பொருளுக்கு நெருங்கியது இந்து பதார்த்த சாரம். டாக்டர் வாரிங் தொகுத்து 1868இல் வெளியான இந்திய பார்மகோபியாவின் தமிழாக்கம் அது. பார்மகோபியா என்றால் மருந்துகளின் சட்டப்புத்தகம். எந்த மருந்து எப்படி இருக்கவேண்டும், எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அது வரையறுக்கிறது. சீமை மருந்துகளோடு வேப்பம்பட்டை போன்ற நம் நாட்டு மருந்துகளுக்கும் வாரிங் அதில் இடம் கொடுத்திருந்தார். ஆகவே தமிழில் படித்த மாணவன் தன் வீட்டு முற்றத்து வேப்பமரத்தையே பாடப்புத்தகத்தில் கண்டான்.

1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பிறகும் கிரீன் அங்கிருந்தே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884இல் மரித்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியனாக இருந்தவன் என்று தன் கல்லறையில் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் வயதாகவில்லை என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கதையை இங்கே ஏன் சொல்கிறேன் என்று கொடைக்கானல் வாசகர்கள் கேட்கமாட்டார்கள். அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்ததுதான் 1834இல் தொடங்கிய மதுரை அமெரிக்க மிஷன். அந்த மிஷனெரிகள் காய்ச்சலுக்குத் தப்பி இளைப்பாற 1845இல் கட்டிய வீடுகளோடுதான் கொடைக்கானல் ஊராயிற்று. கிரீனுக்கு முன் யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் தொடங்கிய டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி, வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர். அவர் தம் முதிர்வயதை இங்கே ஹில் டாப் என்ற வீட்டில் கழித்து, 1960 மே மாதத்தில் இங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஐடா அம்மையாரைப் பற்றிப் பேசும்போது பெண்களுக்காக 1918இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னமே, 1900களின் தொடக்கத்தில், அவர் கம்பவுண்டர்களைப் பழக்கத் தொடங்கினார் என்பதைச் சொல்வோர் குறைவு. அவருக்கு முதலில் மருந்து கலந்து கொடுத்தவர் வீட்டு வேலைக்காரர் ஒருவரின் மனைவியாகிய சலோமி. புட்டி கழுவுவதில் தொடங்கி மருந்து கட்டுவது வரை டாக்டரே அவருக்குக் கற்றுக்கொடுத்தார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் காத்திருந்த நோயாளிகளிடம் போனபோதும், மருந்தை அளந்து ஊற்றிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருந்தால்தான் டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்க முடியும். ஒரு டாக்டரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பெரும்பாலும் கம்பவுண்டர்தான் தீர்மானித்தார்.

பிறகு காலம் மாறியது. காசி இந்து சர்வகலாசாலையில் 1932இல் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் படிப்பைத் தொடங்கிவைத்தார். 1948இல் பார்மசி சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து கொடுக்கவேண்டும் என்பது விதியாயிற்று. இன்று பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் தேறிய பிள்ளை இரண்டு ஆண்டுகள் டிப்ளமோ படித்து, அதன்பின் 500 மணி நேரம் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ பயிற்சி பெற்றால்தான் பதிவு செய்ய முடியும். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு தனி. 2008இல் ஆறு ஆண்டு ஃபார்ம்-டி படிப்பும் வந்துவிட்டது.

இதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. விடுதலைக்குப் பின் நாட்டுக்கு மருந்துத் தொழிற்சாலைகள் தேவைப்பட்டன. ஆகவே படிப்பும் தொழிற்சாலையைப் பார்த்தே வளர்ந்தது. மாத்திரையை எப்படிச் செய்வது என்று பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். அந்த மாத்திரையை விழுங்குகிறவரை அவர்கள் படிக்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே மருந்தாளுநரைக் கொண்டுவரும் மேற்படிப்பு 1990களின் பிற்பகுதியில்தான் மைசூரிலும், நம்மைப்போல் மலைமேலிருக்கும் ஊட்டியிலும் ஜேஎஸ்எஸ் கல்லூரிகளில் வேர்கொண்டது. நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே கூறுகின்றன. விதி நல்லது. ஆனால் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பரீட்சை ஆங்கிலத்தில், ஜன்னலுக்கு வெளியே நிற்பவரோ பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வந்தவர். இந்த இடைவெளியைத் தாண்டிப் பேச எந்தப் பரீட்சையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த அம்மாள் பிழைத்தெழுந்த மாதத்தில் நம் மருத்துவமனையில் ஒரு வகுப்பு தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மாலை, புறநோயாளிகள் போனபின், 500 மணி நேரப் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்களும் நம் மருந்தாளுநரும் ஒரு டாக்டரும் உட்காருகிறார்கள். நானும் ஓரமாக உட்காருவேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, பிரசங்கம் செய்கிறவன் கேட்டுக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உதாரணமாக, “சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை” என்று சீட்டில் எழுதியிருக்கும். காப்பித் தோட்டத்துக்கு விடியுமுன் கடுங்காப்பி குடித்துவிட்டுப் போகிறவர் இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார். மூன்றாவது மாத்திரையை அவர் என்ன செய்வார்? ஒரு மாணவன் தயங்காமல், “விட்டுவிடுவார் சார்” என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. அதே வேலையைச் செய்யும், இரண்டு வேளை கொடுக்கும் மருந்து ஏதாவது உண்டா என்று தேடிவரச் சொன்னார். அடுத்த வாரம் அந்த மாணவன் நான்கு நோய்களுக்கு அப்படிப்பட்ட மருந்துகளைப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். ஆராய்ச்சி என்றால் பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்று நினைத்திருந்தேன். இதுவும் ஆராய்ச்சியே.

இன்சுலினும் அப்படித்தான். திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும், உறைந்துபோனால் எறிந்துவிடவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. சமவெளியில் வெயில்தான் பயம். இங்கே சுமார் 7,000 அடி உயரத்தில், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில், ஜன்னலோரம் வைத்த புட்டிக்குக் குளிரே எமனாகலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், பயன்படுத்திக்கொண்டிருக்கும் புட்டியை வீட்டுக்குள் வெயிலும் அடுப்பும் பனியும் படாத அலமாரியில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்து சொன்னால் ஒரு ஏழைக் குடும்பம் ஃப்ரிட்ஜுக்காகக் கடன்படாமல் இருக்கும். பழைய பழக்கத்தில் ஒருவர், “ஊரே ஃப்ரிட்ஜ்தானே சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் மருந்து வீணாகும், நோயாளிக்குத் தெரியவும் தெரியாது.

உறைகளும் மாறியிருக்கின்றன. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் போட்ட உறைகளை முன்பே வைத்திருந்தோம். வார மருந்துக்கு இப்போது தனி நிற உறை. அதில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி, “தினமும் சாப்பிட்டால் ஆபத்து” என்ற வரியும் அச்சிட்டிருக்கிறது. கிழமையை நோயாளியே தேர்ந்தெடுக்கிறார். பலர் சந்தை நாளையும், நம் சபையார் ஞாயிற்றுக்கிழமையையும் சொல்கிறார்கள். மருந்தை வாங்க வேறொருவர் வந்திருந்தாலும், சாப்பிடப்போகிறவரை ஜன்னலுக்கு அழைக்காமல் வார மருந்தைக் கொடுப்பதில்லை. வரிசை நீளுகிறது என்று சிலர் முணுமுணுப்பது உண்மைதான்.

இனி காணிக்கையைப் பற்றி. கீழே ஊர்களிலிருந்து வரும் மருந்தாளுநர்கள் நல்லவர்களே. ஆனால் குளிரும் தனிமையும் தாங்காமல் ஓராண்டு, இரண்டாண்டில் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆகவே மேல்மலைக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் டிப்ளமோ படிக்க அனுப்பியிருக்கிறோம். மூப்பர் கேட்ட பணம் இவர்களுடைய கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும்தான். இருவரும் உருளைக்கிழங்குக் காட்டு வேலைக்குப் போகும் குடும்பத்தார். படித்துவிட்டு இவர்களும் போய்விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். போய்விடக்கூடும். கையெழுத்து வாங்கிக் கட்டிப்போடுவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீர்மானம் சரியா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வருகிறது. இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஆங்கிலப் பாடநூல்கள் மிகவும் கடினமாயிருக்கின்றன என்று எழுதியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு அந்தப் பூண்டுக்காட்டு அம்மாளையும் இரண்டு முறை அழைத்தோம். மூட்டு வலிக்கு இப்போது வேறு மருந்து சாப்பிடுகிறார். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். மாணவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் ஒரு மருந்தை விளக்கவேண்டும். பிறகு தாம் விளங்கிக்கொண்டதை அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் தவறாகச் சொன்னால் தவறு மாணவனுடையது. முதல் மூன்று பேர் தேறினார்கள். நான்காவது மாணவி வெகு அழகாக, ஒரு சொல்லும் தடுக்காமல் பேசினாள். அம்மாள் சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பேசுற தாயி, ஆனா எத்தனை மணிக்குப் போடணும்னு சொல்லவே இல்லையே” என்றார். அந்தப் பெண் நோட்டைத் திறந்து முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.